யார்க்‌ஷயர் டெரியர்: முடி தரையைத் தொட்டால்தான் ஷோவில் எடுபடுமா?

லீட்ஸ்வாசி:
எங்கள் யார்க்கி நாய்க்கு 14 மாதம் ஆகிறது. அடுத்த ஆண்டு ஒரு நாய்க் கண்காட்சியில், அதாவது ஷோவில், இறக்க ஆசை. முடி வயிற்றுக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் தரையைத் தொடவில்லை. முதுகும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. இந்த நிறமும் நீளமும் நடுவரிடம் எடுபடாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். காத்திருப்பதா, விட்டுவிடுவதா?

சீப்பும் ரிப்பனும்:
தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் கென்னல் கிளப் (நாய் இனங்களுக்கான அமைப்பு) ஸ்டாண்டர்டில், அதாவது இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற வரையறையில், உடல் முடி மிதமான நீளம் என்றுதான் இருக்கிறது. தரையைத் தொட வேண்டும் என்று எங்கும் இல்லை. நடைக்கு இடைஞ்சலாக இருக்கவே கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். அமெரிக்க ஸ்டாண்டர்டிலும் தரையளவுக்கு வெட்டிவிடலாம் என்பது விருப்பம்தான். எல்லோரும் நீளத்தையே பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் இந்த இனத்தின் உயிரே முடியின் தன்மையில் இருக்கிறது. நேராக, பளபளப்பாக, பட்டு மாதிரி மெலிதாக இருக்க வேண்டும். அலை கூடாது, கம்பளித்தன்மை கூடாது. முதுகில் ஒரு கற்றையை எடுத்து விரலிடையே உருவிப் பாருங்கள். நல்ல முடி குளுகுளுவென்று வழுக்கிக்கொண்டு விழும். பஞ்சு முடி வறண்டிருக்கும், சீவிய மறுநாளே சிக்குப் போடும். அது எவ்வளவு நீளம் வளர்ந்தும் பயனில்லை.

நிறத்துக்கு அவசரமே வேண்டாம். யார்க்கி குட்டிகள் கறுப்பும் டானுமாகத்தான் (பொன்பழுப்பு) பிறக்கின்றன. கறுப்பு மாறி அடர்ந்த எஃகு நீலமாக இரண்டு மூன்று வயதுகூட ஆகும். முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள், மாற்றம் முதலில் அங்கேதான் தெரியும். சின்ன வயதிலேயே வெள்ளி நிறத்துக்குப் போய்விடும் நாயைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. வெள்ளி நீலம் கூடாது என்று ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. டான் முடி வேரில் அடர்ந்து நுனியில் வெளுத்திருக்க வேண்டும். தலையின் டான் கழுத்துக்கு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது பெரிய குறை.

டெரியர் வீடு:
முடியைக் கற்றை கற்றையாக மடித்துப் பேப்பர் சுற்றுகிறீர்களா? அதனால் முடி வேகமாக வளராது, ஆனால் நுனி ஒடியாது. வளர்ந்த நீளம் அப்படியே தங்கும். அடிக்கடி அவிழ்த்துச் சீவி, மறுபடி சுற்ற வேண்டும்.

லீட்ஸ்வாசி:
நன்றி. உருவிப் பார்த்தேன், வழுக்குகிறது! வேரில் நீலமும் தெரிகிறது. சுற்றும்போது எண்ணெய் தடவலாமா?

சீப்பும் ரிப்பனும்:
கொஞ்சமாகத் தடவலாம். ஷோவுக்கு முன் சுத்தமாக அலசிவிடுங்கள். முடியின் நிறத்தையோ தன்மையையோ மாற்றும் எந்தப் பொருளும் ரிங்கில் (நடுவர் நாயைப் பார்க்கும் களத்தில்) இருக்கக் கூடாது என்பது கென்னல் கிளப் விதி. அப்புறம் ஒன்று. இங்கே பிரிட்டனில் யார்க்கிகளைச் சிவப்புத் துணி போட்ட பெட்டியின் மேல் நிறுத்திக் காட்டுவது வழக்கம். நீலம் ஏறும்வரை வீட்டிலேயே ஒரு பெட்டியில் நின்று பழகட்டும்.