486ல ஸ்கசி கார்டும் சவுண்ட் கார்டும் மோதிக்கிட்ட கதை

சித்தப்பா டிடிபி சென்டர் வச்சிருந்தப்போ ஓட்டின 486 (பழைய காலத்து கம்ப்யூட்டர்) ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அவர் டிசைன் பண்ணின கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதுல இருக்கற 50 பின் ஸ்கசி (டிஸ்க், ஸ்கேனர்னு பலத ஒரே செயினா மாட்டற பழைய முறை) டிஸ்க்லதான் இருக்கு, எப்படியாவது எடுத்துக் குடுத்துடணும்னு போன மாசம் உக்காந்தேன்.

அந்த டிஸ்க்க ஓட்டற கார்டு அடாப்டெக் 1542பி, ஐஎஸ்ஏ (அந்தக் காலத்து கார்டு ஸ்லாட்) வகை. முதல் தடவ ஆன் பண்ணினப்பவே டிஸ்க் வந்துடுச்சு, அந்த சந்தோஷத்துல பழைய கேமும் ஓட்டலாமேன்னு ஒரு சவுண்ட் ப்ளாஸ்டர் 16 வாங்கி சொருகினேன், அதோட டிஸ்க் காணாமப் போச்சு. ஸ்கசி பயாஸோட (கார்டுலயே இருக்கற, ஆன் பண்ணினதும் ஓடற ப்ரோக்ராம்) பேர் மட்டும் திரையில வருது, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. கேபிள், டெர்மினேட்டர் (செயினோட ரெண்டு முனையிலயும் சிக்னல் எதிரொலிக்காம தடுக்கறது)னு ஒரு நாள் முழுக்க பார்த்துட்டு கடைசில சவுண்ட் கார்ட புடுங்கினா டிஸ்க் திரும்ப வருது!

விஷயம் என்னன்னா 1542பி வர்றப்பவே போர்ட் (கார்டோட பேசற விலாசம்) 330, ஐஆர்க்யூ (ப்ராஸஸர கூப்பிடற லைன்) 11, டிஎம்ஏ (மெமரிக்கு நேரா டேட்டா அனுப்பற சேனல்) 5னு செட் ஆகி வரும். சவுண்ட் ப்ளாஸ்டர் 16ல மிடி (இசைக் கருவிங்களோட பேசற) போர்ட்டும் அதே 330. பழைய ஐஎஸ்ஏ-ல யாருக்கு எந்த நம்பர்னு பிரிச்சு விட ஆளே கிடையாது, நாமதான் பிரிக்கணும். ட்வீசரால சவுண்ட் கார்டுல இருக்கற குட்டி ஜம்பர (ரெண்டு பின்ன இணைக்கற சின்ன மூடி) தூக்கி மிடிய 300க்கு மாத்தினேன். (நெட்வொர்க் கார்டு இருந்தா ஜாக்கிரத, அதுவும் பெரும்பாலும் 300லதான் உக்காந்திருக்கும்.)

டிஸ்க் வந்துச்சு, கேம்ல சத்தமும் நல்லா வந்துச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆனா 16 பிட் வேவ் ஃபைல் ஒண்ணு ப்ளே பண்ணின உடனே மெஷின் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. அந்த கேம் 8 பிட் சத்தம், அது டிஎம்ஏ 1ல போயிடும், அதனாலதான் அதுவரைக்கும் தெரியல. 16 பிட்டுக்கு டிஎம்ஏ 5, அங்க ஏற்கெனவே ஸ்கசி கார்டு உக்காந்திருக்கு. ஸ்கசி பக்கம் மாத்தணும்னா டிஆர்க்யூ (டிஎம்ஏ கேக்கற லைன்), டாக் (அதுக்கு சரின்னு பதில் வர்ற லைன்)னு ரெண்டு ஜம்பரையும் சேர்த்தே நகர்த்தணும், ஒண்ண விட்டாலும் போச்சு. அதனால அத தொடல. என் சவுண்ட் கார்டுல டிஎம்ஏ-க்கு ஜம்பரே இல்ல, டாஸ்ல டயக்னோஸ் ப்ரோக்ராம் வழியா 6 ஆக்கிட்டேன், ஆட்டோஎக்ஸெக்ல (ஆன் பண்ணினதும் டாஸ் ஓட்டற ஃபைல்) சவுண்ட் கார்டு நம்பர்கள கேமுக்கு சொல்ற ப்ளாஸ்டர் லைன்லயும் எச்5ங்கறத எச்6, பி330ங்கறத பி300னு திருத்தினேன். ஈஎம்எம்386 (டாஸ்ல மெமரிய நிர்வாகம் பண்ற ப்ரோக்ராம்) போடறவங்க மெமரில டிசி00லேர்ந்து டிஎஃப்எஃப்எஃப் வரைக்கும் ஒதுக்கி வைங்க, ஸ்கசி பயாஸ் அங்கதான் இருக்கு.

எல்லா நம்பரையும் ஒரு சீட்டுல எழுதி கவரோட உள்பக்கம் ஒட்டியாச்சு. முதல்ல தொறந்த பத்திரிகை எங்க அத்தை கல்யாணத்தோடது, சித்தப்பா கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு திரும்பத் திரும்ப பார்த்துக்கிட்டே இருந்தார்.

அடுத்து அவரோட ஸ்கேனர வெளி கனெக்டர்ல மாட்டப் போறேன். அப்போ கார்டு செயினோட நடுவுக்கு வந்துடும், அதுல டெர்மினேட்டரா இருக்கற ரெசிஸ்டர் பேக்க கழட்டிட்டு ஸ்கேனர் முனையில டெர்மினேட்டர் போடணும்.