மறு: மறு: மடித் திசுப் பாடத்துக்குத் தலைப்பு வேண்டும் (வெள்ளிக்குள்)

கோபியிலிருந்து:
வணக்கமுங்க. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின் மடிச் செல்லின் ஏற்பியைப் பற்றுகிறது, ஜாக்2 நொதி தூண்டப்பட்டு ஸ்டாட்5 புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, ஸ்டாட்5 இரண்டிரண்டாகச் சேர்ந்து உட்கருவுக்குள் போய்ப் பால்புரதமான கேசீனின் மரபணுவை முடுக்குகிறது. இதுவரை தமிழில் வந்துவிட்டது. தலைப்புதான் வசப்படவில்லை. ‘இயக்குநீர்வழி மரபணு வெளிப்பாட்டு நெறிப்படுத்தல்’ கூட்ஸ் வண்டி மாதிரி நீள்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:
‘வெளிப்பாடு’ தன்வினை. மரபணு தானாக வெளிப்படுவதில்லையே, ஹார்மோன் அல்லவா வெளிப்படுத்துகிறது? பிறவினையில் ‘வெளிப்படுத்தம்’ என்று வர வேண்டும். அப்புறம், மடிக்குச் ‘சுரை’ என்றே பழந்தமிழில் பெயர் உண்டு. சுர, சுரை, சுரப்பு எல்லாம் ஒரே வேர். சுனையும் அந்தக் குடும்பம்தான் என்பேன். ‘சுரையணு முடுக்கம்’ என்று வைக்கலாம். கன்றை நினைத்ததும் நின்றபடியே பால் சோரும் திருப்பாவைக் கற்றெருமையை விடவா நல்ல சான்று வேண்டும்?

காங்கேயத்திலிருந்து:
அண்ணா, எங்கள் சந்தையில் சுரை என்றால் கூடையில் காயைத்தான் போடுவார்கள். கற்றெருமையும் இங்கே சேராது. அது ஆக்சிடோசின் என்ற வேறொரு ஹார்மோனின் வேலை. மடியில் ஏற்கெனவே சேர்ந்த பாலை, தசைபோல் சுருங்கும் செல்கள் பிழிந்து தள்ளுகின்றன. அதற்குப் புதிதாக ஒரு மரபணுவை முடுக்க வேண்டியதில்லை. பால் உண்டாவதையும் பால் இறங்குவதையும் மாடு வைத்திருப்பவர்கள் குழப்பிக்கொள்வதே இல்லை. கன்று போடும் முன்னால் ‘மடி விட்டிருக்குது’ என்பார்கள். கன்றை ஊட்டவிட்டதும் ‘பால் எறக்கிருச்சு’ என்பார்கள். நம் பாடம் முதலாவதன் பக்கம்.

‘முடுக்கம்’ என்பதும் பாதிதான். சினைக்காலத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கேசீன் மரபணுவை அடக்கியே வைத்திருக்கிறது. கன்று போடும் தறுவாயில் அதன் அளவு இறங்கிய பிறகுதான் புரோலாக்டினும் கார்ட்டிசாலும் இன்சுலினும் கூடி வேலை வாங்குகின்றன. அடக்குவதும் தூண்டுவதும் சேர்ந்து வர வேண்டுமென்றால் ‘கட்டுப்பாடு’ போதும்: ‘மடித் திசுவில் மரபணு வெளிப்பாட்டின் ஹார்மோன் கட்டுப்பாடு’.

ஈரோட்டிலிருந்து:
தலைப்பிலேயே கிரந்த எழுத்தா? ஹார்மோனுக்கு ‘இயக்குநீர்’ இருக்கிறதே! 1905-இல் உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற பெயரை எடுத்ததே ‘இயக்கு’ என்ற பொருள்தரும் கிரேக்க வினையிலிருந்துதான்.

காங்கேயத்திலிருந்து:
இயக்கு சரிங்க, நீர் எங்கே வந்தது? புரோலாக்டின் புரதம், புரோஜெஸ்டிரோன் ஸ்டீராய்டு. தைராய்டுக்கு மாத்திரை விழுங்குகிறவரிடம் இயக்குநீர் குடிக்கிறீர்களா என்று கேட்க முடியுமா?

ஈரோட்டிலிருந்து:
அப்படிப் பார்த்தால் ‘மின்சாரம்’ என்பதில் சாரம் எங்கே இருக்கிறது?

கோபியிலிருந்து:
எனக்கு அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘கட்டுப்பாடு’ பக்கம் ஆள் அதிகம், அதையே போடுகிறேன். ஹார்மோன் தலைப்பிலும், இயக்குநீர் முதல் பத்தியில் ஒருமுறையும் வரும்.

பொள்ளாச்சியிலிருந்து:
போடுங்க, போடுங்க. அம்மிணி சொன்ன ஆக்சிடோசினை ஒத்துக்கொள்கிறேன். ‘வெளிப்பாடு’ தன்வினைதான்.