மயக்கவியல் மேற்படிப்பு: வருங்கால வேலைவாய்ப்பு எப்படி இருக்கும்?

இளம்பயிற்சியர் (கேள்வி)

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். மருத்துவப் பட்டம் முடித்துப் பயிற்சி மருத்துவராக இருக்கும் நான், மேற்படிப்பில் மயக்கவியலை, அதாவது அறுவை சிகிச்சையின்போது மயக்கம் கொடுத்து நோயாளியைக் கவனிக்கும் துறையை, எடுக்க விரும்புகிறேன். செலுத்திய மருந்து சில நொடிகளில் இரத்த அழுத்தத்தை இறக்குவதையும் இன்னொன்று அதை ஏற்றுவதையும் திரையில் பார்க்க முடிகிறது. உடலியங்கியலும் மருந்தியலும் வேறெந்தத் துறையிலும் இவ்வளவு உடனடியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், மருந்தளவைக் கணித்துச் செலுத்தும் இயந்திரங்கள் வந்துவிடும் என்றும், செவிலியரும் உதவியாளரும் குறைந்த ஊதியத்தில் இதே வேலையைச் செய்வார்கள் என்றும் உடன் படித்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இப்போது சேர்ந்தால் முப்பது ஆண்டுகளாவது இந்தத் துறையில் இருக்க வேண்டும் என்பதால், இந்த அச்சங்களில் எது உண்மை, எது மிகை என்று அறிய விரும்புகிறேன்.

மூத்த மயக்கவியலர்

தம்பி, இயந்திரத்தைப் பற்றிய அச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது ஏற்கெனவே ஒருமுறை சோதிக்கப்பட்டுவிட்டது. குடல் எண்டோஸ்கோபிக்கு வருவோருக்குப் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை அளந்து செலுத்தும் செடாசிஸ் என்ற இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. போதிய விற்பனை இல்லாததால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2016இல் அதைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. பெரிய நோய்கள் இல்லாத பெரியவர்களுக்கு மட்டுமே, அதுவும் மிதமான மயக்கத்துக்குள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. நோயாளியின் மூச்சு தடைப்பட்டால் மருந்தை நிறுத்த அதற்குத் தெரியும். தாடையை உயர்த்தி, முகமூடியைப் பொருத்தி, காற்றை உள்ளே செலுத்த அதனால் முடியாது. 2008இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் மயக்கத்தின் ஆழம், வலி, தசைத்தளர்வு ஆகிய மூன்றையும் அளந்து தானே மருந்து செலுத்தும் அமைப்பையும் உருவாக்கிக் காட்டினார்கள். அளவைச் சீராக வைத்திருப்பதில் இத்தகைய கருவிகள் ஒருநாள் நம்மை விஞ்சிவிடலாம். அதை மறுக்க வேண்டிய தேவை எனக்கில்லை.

அளவு கணிப்பது நம் வேலையில் ஒரு சிறு பகுதிதான். இதயத்தின் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கிப்போன எண்பது வயதுப் பெண்மணி தொடை எலும்பு முறிந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் இரத்த அழுத்தம் அடியோடு வீழ்ந்துவிடக்கூடும். முழு மயக்கம் கொடுத்தால், அதிலும் அழுத்தம் வீழலாம், பிறகு வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பதும் கடினமாகலாம். தள்ளிப்போட்டால் படுக்கையிலேயே நிமோனியா வரும். எதைச் செய்வது என்று தீர்மானித்து, அவருடைய குடும்பத்தாரிடம் அதை விளக்கி, அதன் விளைவுக்குப் பக்கத்திலேயே நின்று பொறுப்பேற்பவர்தான் மயக்கவியலர். மக்கள் நீண்ட நாள் வாழும் உலகில் இத்தகைய நோயாளிகள் பெருகத்தான் போகிறார்கள். மார்பைத் திறந்தால் தாங்கமாட்டார் என்று முன்பு கைவிடப்பட்டவர்களுக்கு இப்போது தொடை இரத்தக்குழாய் வழியாகவே வால்வு பொருத்துகிறார்கள். அங்கும், எம்ஆர்ஐ அறையிலும், எண்டோஸ்கோபிப் பிரிவிலும் நம்மை அழைக்கிறார்கள்.

எண்ணும் எழுத்தும் (புனைபெயர்)

வேலைவாய்ப்பு பற்றிய முன்கணிப்புகளை எச்சரிக்கையோடு அணுகும்படி கேட்டுக்கொள்கிறேன். 1990களின் நடுவில், அமெரிக்காவில் மயக்கவியலர்கள் தேவைக்கு மிஞ்சிவிடுவார்கள் என்ற பேச்சு பரவி, அந்நாட்டு மாணவர்கள் இந்தத் துறையில் சேர்வது சில ஆண்டுகளிலேயே சரிந்தது. ஒரு நிபுணரை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், அந்தச் சரிவின் விளைவு 2000ஐ ஒட்டி ஆள் பற்றாக்குறையாக வெளிப்பட்டது. பேச்சைக் கேட்டு ஒதுங்கியவர்களைவிட, துணிந்து சேர்ந்தவர்களுக்கே நல்ல வாய்ப்புகள் கிடைத்தன.

செவிலியர் பற்றிய அச்சத்துக்கும் அதே நாடு சான்று. அங்கே மயக்கச் செவிலியர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பணியாற்றுகிறார்கள். மருத்துவரின் மேற்பார்வை தேவை என்ற நிபந்தனையிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ள 2001இல் வழி செய்யப்பட்டது; இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலகிவிட்டன. அதனால் மயக்கவியலர்கள் வேலையிழக்கவில்லை. பல இடங்களில் அவர்கள் ஒரே நேரத்தில் சில அறுவை அரங்குகளை மேற்பார்வையிடுபவர்களாக மாறினார்கள். வேலையின் தன்மை மாறும் என்பதற்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

உலக அளவில் பார்த்தால் பற்றாக்குறை மிகப் பெரியது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையும் மயக்கச் சிகிச்சையும் 500 கோடி மக்களுக்குக் கிட்டவில்லை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மதிப்பிட்டது. ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 5 மயக்கவியலர்கள் வேண்டும் என்கிறது உலக மயக்கவியலர் கூட்டமைப்பு. ஏழை நாடுகள் பலவற்றில் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை.

வலி சிகிச்சையர்

மேலே சொன்னதோடு ஓரளவு வேறுபடுகிறேன். பற்றாக்குறை இருப்பதாலேயே வேலை கிடைத்துவிடாது. பணியிடத்தையும் ஊதியத்தையும் யாராவது உருவாக்க வேண்டும், அது நடக்காத இடங்களில் தேவையும் வேலையில்லாத நிபுணரும் அருகருகே இருப்பதுண்டு. மேலும், நமக்கென்று தனி நோயாளிகள் வருவதில்லை. மருத்துவமனை நிர்வாகமும் அறுவை மருத்துவர்களும் வகுக்கும் நேரத்துக்கு நாம் கட்டுப்படுகிறோம். இரவுப் பணி குறைவதில்லை. வேலை கிடைக்குமா என்பதைவிட, எத்தகைய நிபந்தனைகளில் கிடைக்கும் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இதை மனத்தில் வைத்தே நான் வலி சிகிச்சையில் மேற்பயிற்சி பெற்றேன். இப்போது நோயாளிகள் என்னைத் தேடி வருகிறார்கள்.

இளம்பயிற்சியர்

அனைவருக்கும் நன்றி. அப்படியானால், தீவிர சிகிச்சை, வலி சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றை இப்போதே தீர்மானித்துக்கொள்ள வேண்டுமா?

மூத்த மயக்கவியலர்

வேண்டாம், முதல் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தீர்மானியுங்கள். எனினும், தீவிர சிகிச்சை நமக்கு அயலான துறை அன்று என்பதை மறந்துவிடாதீர்கள். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுக்குழலில் துளையிட்டுக் கையால் காற்றை அழுத்திச் செலுத்தலாம் என்று காட்டியவர் பியோன் இப்சன் என்ற மயக்கவியலர். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் காற்றுப் பையை அழுத்தினார்கள், இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்து வளர்ந்தவை. ஆகவே, படிக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பெயரையும் பார்க்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவு மயக்கவியல் துறையின் பொறுப்பில் இருக்கிறதா, அல்ட்ராசவுண்டின் உதவியோடு நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் முறையை மாணவர்களே செய்ய விடுகிறார்களா, நெருக்கடி வரும்போது மூத்தவர் உடனே வருகிறாரா என்று அங்கே இரண்டாம் ஆண்டில் படிப்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.