ஃபிக்ஸேஷன் எரர்: ‘நிலைகுத்தல் பிழை’ வேண்டாம், ‘எண்ணச்சிக்கு’ சரிப்படுமா?

ஐயா, வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவின் மயக்கவியல் (அனஸ்தீசியா) பட்டியலில் ‘ஃபிக்ஸேஷன் எரர்’ என்பதற்கு, அதாவது ஒரே எண்ணத்தில் மாட்டிக்கொண்டு வேறு காரணத்தைப் பார்க்காமல் விடுவதற்கு, ‘நிலைகுத்தல் பிழை’ என்று தந்திருக்கிறீர்கள். கண் நிலைகுத்திப்போச்சு என்றால் உயிர் போகிற அடையாளம். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் வேண்டாம்.

குழுவில் அடுத்து வந்த ‘கவனப்பிழை’ என்ற சொல் இன்னும் பொருந்தாது. தியேட்டர் டெக்னீஷியனாக இருந்தபோது கண்ணால் பார்த்தேன். ஆக்சிஜன் அளவு இறங்க இறங்க மானிட்டரின் ஒலி கட்டைக் குரலாகும். அன்று அப்படி இறங்கிக்கொண்டே வந்தது. கை சில்லிட்டிருக்கு, ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டிய கிளிப்தான் சரியா எடுக்கல என்று டாக்டர் அதை விரல் விரலாக மாற்றினார். நானும் கூடவே விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உள்ளே வந்த இன்னொரு டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்தார். மூச்சுக்குழாயில் போட்ட டியூப் ஆழமாக இறங்கி, வலது நுரையீரலுக்கு மட்டும் காற்று போய்க்கொண்டிருந்தது. நோயாளி பிழைத்தார். எங்கள் இருவருக்கும் கவனம் இல்லாமலா இருந்தது? முழுக் கவனமும் அந்த விரலில்தான் இருந்தது.

2005இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி இறந்ததும் இப்படித்தான். சைனஸ் ஆபரேஷன். மூச்சுப்பாதை கிடைக்கவில்லை, அனுபவசாலிகளான டாக்டர்கள் டியூப் போடுவதிலேயே நின்றுவிட்டார்கள். மூச்சுவிடக் கழுத்தில் துளையிடும் செட்டை நர்ஸ் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லியும் அது அவர்கள் மனதில் ஏறவில்லை. 13 நாள் கழித்து அவர் இறந்தார். கணவர் மார்ட்டின் விமானி. விமானத் துறையில் துணை விமானி வாய்திறந்து சொல்லப் பழக்குவதுபோல் தியேட்டரிலும் பழக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் பாடுபட்டவர்.

காசிமேட்டில் வலை பிரிப்பவர்களைப் பாருங்கள். சிக்கு விழுந்த இடத்தை ஒருவரே இழுத்தால் முடிச்சு இறுகும். “அந்தாண்ட கொஞ்சம் லூஸ் வுடுப்பா” என்பார். மறுமுனையில் இருப்பவர் தளர்த்தினால்தான் பிரியும். இங்கேயும் அதேதான். அதனால் ‘எண்ணச்சிக்கு’ என்கிறேன். ‘சிக்கல்’ வேண்டாம், பிரசவச் சிக்கல் என்று அது நோயாளி பக்கம் போய்விட்டது. ‘பிழை’யும் வேண்டாம், அந்தச் சொல் காதில் விழுந்தாலே யார் செய்தது என்றுதான் கேட்பார்கள்.

‘இது மட்டும்தான்’ என்று ஒன்றையே பிடித்துக்கொள்வது, ‘இதைத் தவிர வேறு ஏதோ’ என்று உண்மைக் காரணத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் தேடுவது, ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்று இருந்துவிடுவது என இது மூன்று வகை. கவனம் என்றால் மூன்றாவது அடங்காது, எண்ணம் என்றால் அடங்கும்.

வினையாக, ‘எண்ணம் சிக்கியது’. வெளியிலிருந்து ஒருவர் பார்த்து விடுவிப்பதை ‘சிக்கெடுத்தல்’ எனலாமா? பெரிய டாக்டரிடம் நர்ஸ் கூசாமல் சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். குழுவில் உள்ள சிஸ்டர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து,
அன்புடன்.