சேர்வர் வடிவமைப்புப் பயிற்சியில் மறக்க முடியாத கணம்: உங்களுடையது எது?

கோண்டாவிலான்
பயிற்சி முடிந்து எட்டு மாதமாகிறது, அந்த வெள்ளைப் பலகை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஐந்து நாள் வகுப்பு. நான்காம் நாள் அவரவர் நிறுவனத்துக்கான வடிவமைப்பை வரைய வேண்டும். நான் இரண்டு சேர்வர் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி கிளஸ்டர் ஆக்கினேன், மூன்றாவது வாக்குக்குச் சாட்சியாக ஒரு பகிர்வுக் கோப்புறை. மூன்று வாக்கில் இரண்டு இருந்தால் ஓடும், எல்லாம் புத்தகப்படி. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சாட்சிக் கோப்புறை எங்கே இருக்கிறது?" என்றார். முதலாவது சேர்வருக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினியில் என்றேன். செலவை மிச்சம் பிடித்த பெருமை வேறு. அவர் அழிப்பானை எடுத்து முதற்பெட்டியை அழித்தார். சாட்சியும் கூடவே போனது. மிஞ்சியது ஒரு பழுதுமில்லாத இரண்டாவது சேர்வர், கையில் ஒரேயொரு வாக்கு. பெரும்பான்மை இல்லாததால் அதுவும் நின்றுவிடும்.

"வாக்கெண்ணும் அதிகாரியை வேட்பாளர் வீட்டிலேயே தங்க வைத்திருக்கிறீர்."

வகுப்பே சிரித்தது. அதே வரைபடம்தான் எங்கள் அலுவலகத்தில் ஒன்றரை வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

கஸ்தூரியார் வீதி
அண்ணை, சாட்சியை விடுங்கள், கிளஸ்டரே தேவையா? எங்கள் வகுப்பில் ஒருவர் 99.9 சதவீத நேரம் சேர்வர் ஓடும், உறுதி என்று எழுதினார். அப்படியென்றால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம்தான் நிற்கலாம். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டு. ஓராண்டுக் கணக்கு ஒரு பகலில் முடிந்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆகவே முதலில் மின்பிறப்பாக்கி வாங்குங்கள். யூ.பி.எஸ். மின்கலங்களைச் சுமையோடு சோதியுங்கள், பச்சை விளக்கை நம்ப வேண்டாம். இரண்டு மின்வழங்கி உள்ள சேர்வரை வாங்கிவிட்டு இரண்டு வயரையும் ஒரே யூ.பி.எஸ்ஸில் செருகுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். குளிரூட்டியையும் மின்பிறப்பாக்கியில் இணையுங்கள், சேர்வர் ஓடியும் அறை அவிந்தால் என்ன பயன்? எத்தனை மணி நேரத் தரவை இழக்கத் தயார் என்று மேலிடத்திடம் எழுத்தில் வாங்குங்கள். தரவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் ரெய்ட் இருக்கிறதே என்று பிரதி எடுக்காமல் இருக்காதீர்கள். தவறுதலாக அழித்ததை அது எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழித்துத் தரும்.

கோண்டாவிலான்
நான் மின்சாரம் பற்றிக் கேட்கவேயில்லை, தம்பி. சாட்சியைக் கிளை அலுவலகத்துப் பழைய கணினிக்கு மாற்றிவிட்டேன்.

கொடிகாமத்தான்
மின்சாரப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு. குரங்கின் மேல் பழி போட்டார்களே, அந்த நாடளாவிய மின்தடை. மறுநாள் காலை ஒருவராலும் உள்நுழைய முடியவில்லை. கடவுச்சொற்கள் எல்லாம் சரி. நான் இரண்டு மணி நேரம் அவற்றையே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சேர்வருக்கும் கணினிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேரம் பிசகினால், உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் கதவைத் திறக்காது என்று பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நானும்! மின்சாரம் இல்லாதபோது சேர்வரின் கடிகாரத்தை ஓட்டும் தாய்ப்பலகை மின்கலம் செத்துப் போயிருந்தது. பக்கத்தில் காத்து நின்ற காசாளர் அக்காதான் சேர்வர் திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார்: "தம்பி, இந்தத் திகதியில் நான் இங்கே வேலைக்கே சேரவில்லையே."