வாசலில் வைத்தால் ரோபோ பின்னாலேயே வருகிறது: பனிமூட்டம் காரணமா?

ஹட்டன்தம்பி
வணக்கம். தரம் 12இல் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். ஒரு சின்ன ரோபோ வண்டி செய்திருக்கிறேன்: நிரலை ஓட்டும் ஆர்டுயினோ ஊனோ போர்ட், மோட்டர்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எல்298என் மோட்டர் டிரைவர், இரண்டு மஞ்சள் கியர் மோட்டர், முன்னால் ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் ஓர் எச்.சி-எஸ்.ஆர்04 (HC-SR04) அல்ட்ராசோனிக் சென்சர். 20 சென்டிமீற்றருக்குள் ஏதாவது இருந்தால் பின்னால் வந்து திரும்ப வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறைக்குள் நன்றாக ஓடுகிறது. வாசலில் தேயிலை மலையைப் பார்த்து வைத்தால், எதிரே ஒன்றுமே இல்லாமல் பின்னாலேயே வருகிறது. நேற்றுப் படியிலிருந்து விழுந்து ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் ஓட்டிப் பார்ப்பேன், அந்த நேரம் மூட்டம் இறங்கிவிடும். அது சென்சருக்குச் சுவர் மாதிரித் தெரிகிறதா? இல்லை குளிரா? புதுச் சென்சருக்குக் காசு சேர்க்க வேண்டும், அதனால் முதலில் கேட்கிறேன்.

இன்னொன்று, மோட்டர் தொடங்கும்போது சில நேரம் போர்ட் ரீசெட் ஆகி, நிரல் முதலிலிருந்து தொடங்குகிறது. 9 வோல்ட் சின்னப் பற்றரிதான் போட்டிருக்கிறேன்.

நானுஓயா
ரீசெட்டுக்கு அந்தப் பற்றரிதான் காரணம் தம்பி. மோட்டர் இழுக்கும் கரண்டை அதனால் கொடுக்க முடியாது, வோல்ட் விழுந்துவிடும். 18650 செல் (திரும்பச் சார்ஜ் செய்யும் லித்தியம் பற்றரி) இரண்டைத் தொடராகப் போடுங்கள். முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் வரும், டிரைவர் ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கினாலும் மோட்டருக்குப் போதும்.

சென்சரை மாற்ற வேண்டாம். கணினியில் சென்சரின் எண்களைக் காட்டும் சீரியல் மொனிட்டரைத் திறந்து, வாசலில் என்ன எண் வருகிறது என்று பாருங்கள்.

ஹட்டன்தம்பி
பார்த்தேன் அண்ணா. அறைக்குள் 84, 83, 84 சென்டிமீற்றர். வாசலில் 0, 0, 0, இடையில் ஒரு 310, திரும்ப 0. எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளையில் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம்) 25000 என்று கொடுத்திருக்கிறேன்.

பண்டாரவளை_அக்கா
அந்த 0தான் விஷயம். 25,000 மைக்ரோ செக்கனுக்குள் எதிரொலி முடியாவிட்டால் பல்ஸ்இன் 0 என்று திருப்பித் தரும். "ஒன்றும் கேட்கவில்லை" என்பதுதான் அதற்கு அர்த்தம். உங்கள் நிரலோ 0 என்பது 20ஐ விடக் குறைவு என்று பார்த்து, மூக்குக்கு நேரே சுவர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அறையில் எந்தப் பக்கமும் சுவர் இருப்பதால் அங்கே இது வெளியே தெரியவில்லை.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். 20 பாகையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் போகும், 15 பாகையில் 340. 20 சென்டிமீற்றரில் 2 மில்லிமீற்றர் கூடப் பிசகாது. மலை உயரமும் கணக்கில்லை, வேகத்தை மாற்றுவது வெப்பநிலைதான். மூட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று: சென்சரின் இரண்டு கண்களிலும் உள்ள வலையில் நீர்த்துளி படிந்தால் துணியால் ஒற்றி எடுங்கள்.

சரி, திருத்தம்: தூரம் 0ஐ விடக் கூடவும் 20ஐ விடக் குறைவாகவும் இருந்தால் மட்டும் பின்னால் வரச் சொல்லுங்கள்.

ஹட்டன்தம்பி
அக்கா, வாசலில் நேராகப் போகிறது! ஆனால் அறைக்குள் கொடியில் தொங்கிய கம்பளியில் போய் முட்டியது. அப்போதும் 0 வந்தது.

பண்டாரவளை_அக்கா
கம்பளி ஒலியை உறிஞ்சிவிடும். சாய்வான வழவழப்பான பலகை என்றால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும். அதனால் 0 வந்தால் வெட்டவெளி என்று முழுதாக நம்பவும் முடியாது. 60 மில்லி செக்கன் இடைவெளியில் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள், அது 0 என்றால் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் ஒரு மைக்ரோ சுவிட்சும் பூட்டுங்கள், முட்டினால் அது சொல்லும். படி விளிம்புக்குக் கீழ்நோக்கி ஓர் அகச்சிவப்புச் சென்சர் வேண்டும். பின்னால் வரும்போதுதான் விழுந்தது என்பதால் பின்பக்கம் பூட்டுங்கள்.

ஹட்டன்தம்பி
செல் இரண்டும் போட்டேன், ரீசெட் நின்றுவிட்டது. பழைய மௌஸிலிருந்து கழற்றிய சுவிட்சில் ஐஸ்கிரீம் குச்சியை ஒட்டி முன்னால் பூட்டியிருக்கிறேன். கம்பளியில் குச்சி பட்டதும் "டிக்" என்று நின்று, பின்னால் வந்து திரும்பியது. நான்கு முறை வைத்துப் பார்த்தேன், நான்கிலும் சரி. அகச்சிவப்புச் சென்சர் சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போது வாங்குகிறேன். அதுவரை படியில் ஒரு பலகையை நிறுத்தி வைத்திருக்கிறேன். அண்ணாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி.