ஷெப்பர்டுக்கு கணைய நொதிக் குறைபாடு: புளியந்தோப்புல பச்சைக் கணையம் வாங்கிப் போடலாமா?

வியாசர்பாடிவாசி:
ரெண்டு வயசு ஷெப்பர்ட் நாய். 30 கிலோ இருந்தது, இப்ப 22. எவ்வளவு போட்டாலும் பசி அடங்கல, மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்கா, குவியல் குவியலா வருது. அதையே திரும்பத் திங்குது. பூச்சி மாத்திரை ரெண்டு தடவை கொடுத்தாச்சு. சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற கணைய நொதி சுரக்கலைன்னு டாக்டர் சந்தேகப்படுறார். மனுஷங்களுக்கான நொதி கேப்சூல் போதுமா, இல்ல பச்சைக் கணையமே நல்லதா?

காசிமேடு_க:
முதல்ல டி.எல்.ஐ. ரத்தப் பரிசோதனை, அதாவது கணையத்திலிருந்து ரத்தத்துல கலக்குற டிரிப்சின் வகை நொதியை அளக்குறது. 8–12 மணி நேரம் வெறும் வயிறு அவசியம். லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தா உறுதி. அமிலேஸ், லிபேஸ்ங்கிற மத்த நொதி அளவுகளை எடுத்து இதை முடிவு பண்ண முடியாது.

கேப்சூல் உள்ளே இருக்கிற குருணைக்கு மேல்பூச்சு இருக்கும். நாய் வயித்துல அது சரியான இடத்துல கரையாமலே போயிடலாம். மேல்பூச்சு இல்லாத நொதிப் பவுடர்தான் நல்லது. 10 கிலோ எடைக்கு ஒரு டீஸ்பூன், ஒவ்வொரு வேளைச் சோத்திலும்.

புளியந்தோப்பு ரவுண்டு:
கறிக்கடையில "கணையம்"னு கேட்டா சுவரொட்டியை எடுத்துக் கொடுப்பாங்க. அது மண்ணீரல், கருஞ்சிவப்பு. ஒரு பிரயோஜனமும் இல்ல. கணையம் வெளிர் ரோஸ், சின்னச் சின்ன முடிச்சா, சிறுகுடலோட முதல் வளைவை ஒட்டி, கொழுப்போட கலந்து கிடக்கும். குடல் சுத்தம் பண்ற ஆள்கிட்ட காட்டிக் கேளுங்க. மாட்டுக் கணையம் எடுங்க, பன்றி வேண்டாம். பன்றிகிட்ட இருக்கிற ஔஜெஸ்கி வைரஸ் நாய்க்கு உயிர்போற சமாச்சாரம்.

22 கிலோவுக்கு வேளைக்கு சுமார் 100 கிராம், பொடியா நறுக்கி. வேகவெச்சா நொதி செத்துடும். சுடுசோத்துல போட்டாலும் அதே கதி, ஆறவிட்டுக் கலங்க. வேளைக்கொரு பொட்டலமா ஃப்ரீசர்ல போட்டா மாசக்கணக்கில் வீரியம் குறையாது.

வியாசர்பாடிவாசி:
நன்றி அண்ணே. பவுடர்ல வாய் புண்ணாகும்னு சொல்றாங்களே?

காசிமேடு_க:
ஆகும். ஈறுல ரத்தம் தெரிஞ்சா அளவைக் கொஞ்சம் குறைச்சு, தண்ணி விட்டு நல்லாப் பிசைஞ்சு வைங்க. உலர்ந்த பவுடரை மேல தூவாதீங்க.

பி12 அளவையும் பாக்கச் சொல்லுங்க. நாய்க்கு பி12 உறிஞ்ச உதவுற புரதம் பெரும்பாலும் கணையத்திலிருந்தே வருது. அதனால பி12 குறைஞ்சிருந்தா, நொதி மட்டும் கொடுத்தா எடை ஏறாம நிக்கலாம். குறைவா இருந்தா வாரம் ஒண்ணுன்னு ஆறு ஊசி, பிறகு டாக்டர் சொல்றபடி. தனி பி12-ஆக் கேளுங்க, பி காம்ப்ளெக்ஸ் கலவை குத்தின இடத்துல வலிக்கும்.

புளியந்தோப்பு ரவுண்டு:
இன்னொண்ணு. டீக்கடையில யாராவது போடுற பொறையும் சாப்பாட்டுக் கணக்குதான். நொதி இல்லாம உள்ளே போனா அன்னிக்கு ராத்திரியே மலத்துல தெரியும். தெருவுல கூட்டிட்டுப் போறப்ப கயித்தைக் குட்டையாப் பிடிங்க.